கோவையைக் காட்டுக!
பதவிநீக்கமும் மக்கள் சபையின் உரிமையும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய அரசியல் வகுப்பொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆட்சித் தலைவர் ஒருவர் அரசாங்கத்தின் உயர் உத்தியோகத்தர் ஒருவரைப் பதவியிலிருந்து நீக்குகிறார். "ஏன் நீக்கினீர்? அதுபற்றிய பத்திரங்களைக் காட்டும்" என்று மக்கள் பிரதிநிதிகள் கேட்கிறார்கள். "நீக்கும் அதிகாரம் என்னுடையது, பத்திரங்களைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை" என்று அவர் மறுமொழி கூறுகிறார். நியாயம் எவர் பக்கம் நிற்கிறது? இவ்வினாவை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரத்தைக் கொண்டு ஆராய விரும்புகிறேன். அந்நாட்டில் இந்த வழக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது.

1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின்படி, உயர் உத்தியோகத்தரை ஜனாதிபதி செனற் சபையின் ஆலோசனையோடும் சம்மதத்தோடும் நியமிக்க வேண்டும். அவர்களை நீக்குவது எவ்வாறு? குற்றப்பிரேரணை ஒன்றைத் தவிர வேறு வழி எதனையும் அச்சாசனம் கூறவில்லை. அந்த மௌனத்திலிருந்தே சண்டை பிறந்தது. 1835இல் நில அளவைத் தலைமை உத்தியோகத்தர் ஒருவருக்கு எதிரான குற்றச்சாட்டுக்களின் பிரதியைச் செனற் சபை கேட்டபோது ஜனாதிபதி ஜாக்சன் கொடுக்க மறுத்தார். 1867இல் காங்கிரசு பதவிக்காலச் சட்டம் என்ற ஒன்றை ஜனாதிபதி ஜோன்சனின் தடையையும் மீறி நிறைவேற்றியது. சபை கூடாத காலத்தில் ஓர் உத்தியோகத்தரை இடைநிறுத்தினால், அதற்கான காரணத்தையும் சான்றுகளையும் செனற் சபைக்கு ஜனாதிபதி அறிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அதனை மீறி யுத்த மந்திரி ஸ்ரான்ரனை நீக்கியமைக்காக 1868இல் ஜோன்சன் மீது குற்றப்பிரேரணை வந்தது. ஒரேயொரு வாக்கினால் அவர் தப்பினார். அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டுக் காரணம் அறிவிக்கும் கடமை எடுத்து விடப்பட்டது. இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

1885இல் கிளீவ்லண்ட் ஜனாதிபதியானார். உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் தேர்தலில் வென்று அப்பதவியேறிய முதலாவது ஜனநாயகக் கட்சிக்காரர் அவர். செனற் சபையோ குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. பழைய ஆட்சியில் நியமனம் பெற்ற நூற்றுக்கணக்கான உத்தியோகத்தரைக் கிளீவ்லண்ட் இடைநிறுத்தினார். அவர்களுள் ஒருவர், அலபாமாவின் தென் மாவட்டத்தில் சமஷ்டி அரசாங்கத்தின் வழக்குகளை நடத்திய டஸ்கின் என்பவர். அவருடைய இடத்துக்குப் பேர்னெற் என்பவர் பிரேரிக்கப்பட்டார். 1886 சனவரியில் செனற் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றி, டஸ்கினின் இடைநீக்கம் பற்றிய பத்திரங்களை அனுப்புமாறு சட்டமா அதிபர் கார்லண்டைப் பணித்தது. ஜனாதிபதியின் கட்டளைப்படி கார்லண்ட் மறுத்தார்.

நீதிக் குழுவின் தலைவர் எட்மண்ட்ஸ் வாதாடினார்: அரசாங்கத் திணைக்களத்திலே உள்ள பத்திரம் அரசாங்கத்தின் பத்திரம், அதனைப் பார்க்காமல் சட்டம் இயற்றவோ நியமனத்துக்குச் சம்மதம் கொடுக்கவோ சபையால் இயலாது. மார்ச்சு முதலாந் திகதி கிளீவ்லண்ட் தமது செய்தியை அனுப்பினார்: நீக்கும் அதிகாரம் எனக்கே உரியது, இப்பத்திரங்கள் எனக்கு அந்தரங்கமாக எழுதப்பட்டவை, திணைக்களத்தில் வைக்கப்பட்டமையால் மாத்திரம் அவை அரசாங்கப் பத்திரங்கள் ஆகிவிடா என்பது அதன் சாரம்.

முடிவு என்ன? செனற் சபை கார்லண்டைக் கண்டித்தது. ஆனால் டஸ்கினின் பதவிக்காலம் 1885 டிசெம்பரிலேயே முடிந்துவிட்டது என்பது தெரிந்தபின் போராடுவதற்குப் பொருள் இல்லாமற் போயிற்று. பேர்னெற்றின் நியமனம் உறுதியாயிற்று. 1887 மார்ச்சில் பதவிக்காலச் சட்டமே நீக்கப்பட்டது. கிளீவ்லண்ட் வென்றார் என்று சரித்திரகாரர் எழுதினர்.

வென்றது யார் என்பது ஒரு புறம் இருக்கட்டும். டஸ்கினுக்கு என்ன நேர்ந்தது? கட்சிக் காரணத்துக்காக மாத்திரம் எவரையும் நீக்கேன் என்று கிளீவ்லண்ட் முன்னரே வாக்களித்திருந்தார். எனவே அவரால் நீக்கப்பட்டவர் ஏதோ குற்றம் செய்திருக்க வேண்டும் என்று உலகம் எண்ணுமல்லவா? குற்றம் சொல்லப்படவில்லை, பத்திரம் காட்டப்படவில்லை, பெயரில் மட்டும் கறை படிந்தது. இந்த அநீதியை அன்றைய செனற்றர்கள் எடுத்துக் கூறினர். அவர்கள் கூறியது சரி. எனினும் அவர்களுடைய சொல் ஏன் மக்கள் மனத்தில் ஏறவில்லை? தமது கட்சி ஜனாதிபதியிடம் கேட்காததை மாற்றுக் கட்சி ஜனாதிபதியிடம் கேட்டார்கள். காரணம் அறிவிக்கும் கடமையை 1869இல் நீக்கியபோது அவர்களுடைய கட்சியே ஆட்சியில் இருந்தது. தன் வேலியைத் தானே பிடுங்கியவன் பயிர் அழிந்தபின் அழுது பயன் என்ன?

அன்பர்களே, இங்கே இரண்டு அதிகாரங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. நீக்கும் அதிகாரம் வேறு. கேட்கும் அதிகாரம் வேறு. உங்கள் ஊர்ப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். முகாமையாளரை நீக்கும் உரிமை நிருவாகக் குழுவுக்கு இருக்கலாம். அதனால் அங்கத்தவர்கள் பொதுக்கூட்டத்தில் எழுந்து, "கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள், அவர் களவெடுத்தாரா, அன்றிக் களவைக் கண்டுபிடித்தாரா?" என்று கேட்க முடியாதென்று எவரேனும் சொல்வாரா? களவெடுத்தவரை நீக்கினால் சங்கம் பிழைக்கும். களவைக் கண்டுபிடித்தவரை நீக்கினால் சங்கம் அழியும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே நீக்கமாகவே தோன்றும். வேறுபாட்டைக் காட்டுவது கோவை ஒன்றே.

அமெரிக்க உயர் நீதிமன்றமும் இவ்விரண்டையும் பிரித்தே பார்த்தது. 1926 ஒக்ரோபரில், ஒறிகன் மாநிலத்துத் தபாலதிபர் மையேர்சின் வழக்கில், ஜனாதிபதி செனற் சபையின் சம்மதமின்றியே நீக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பை எழுதிய பிரதம நீதியரசர் ராவ்ற் ஒரு காலத்தில் ஜனாதிபதியாகவே இருந்தவர். ஆனால் மூன்று மாதங்களுக்குள், 1927 சனவரியில், முன்னாள் சட்டமா அதிபர் டோகேற்றியின் நிருவாகம் பற்றிய விசாரணையிலிருந்து எழுந்த வழக்கில், சட்டம் இயற்றுவதற்குத் தகவல் வேண்டும்; ஆகவே சாட்சியை அழைத்துக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் கூறிற்று. முன்னைய தீர்ப்பினால் சபை நீக்கத்தைத் தடுக்கும் உரிமையை இழந்தது. பின்னைய தீர்ப்பினால் கேட்கும் உரிமையை உறுதியாகப் பெற்றது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். திணைக்களங்களின் ஊழலையும் விரயத்தையும் ஆராயும் தலைமைப் பரிசோதகர்களை நியமிக்க 1978இல் ஒரு சட்டம் வந்தது. அவர்களை நீக்கினால் காரணத்தைக் காங்கிரசுக்கு அறிவிக்க வேண்டும். முப்பது நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்பது 2008இல் சேர்ந்தது. 2020 மே மாதம் வெளிநாட்டமைச்சின் பரிசோதகர் லினிக்கை ஜனாதிபதி ட்றம்ப் நீக்கியபோது, அவர்மீது நம்பிக்கை இல்லை என்பதற்கு மேல் கடிதத்தில் காரணம் இல்லை. காங்கிரசுக் குழுக்கள் பத்திரங்களைக் கோரின. அந்த அனுபவத்தின் பின், 2022இல், விபரமான காரணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இறுக்கப்பட்டது. 2025 சனவரியில் பல பரிசோதகர்கள் முன்னறிவித்தல் இன்றி ஒரே நாளில் நீக்கப்பட்டனர். அது சட்டமீறல் என்று அவ்வாண்டு செப்டெம்பரில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் கூறியது. ஆயினும் அவர்களை மீண்டும் பதவியில் அமர்த்தவில்லை. சட்டப் புத்தகத்தில் உரிமை இருப்பது பாதி வெற்றியே. மறுபாதி, விடாது கேட்கும் சபையைப் பொறுத்தது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு, மறைக்கேன். முறைப்பாடு எழுதியவனின் பெயர் வெளிவந்தால் நாளை எவனும் எழுத மாட்டான். மந்திரிக்கு உத்தியோகத்தர் கூறும் ஆலோசனை மறுநாளே சந்திக்கு வந்தால் உண்மையான ஆலோசனை கிடையாது. ஆனால் இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. பெயரை மறைத்துப் பத்திரத்தைக் காட்டலாம். இரு தரப்பினரும் உள்ள குழுவொன்று மூடிய அறையில் பார்க்கலாம். அதற்கும் இணங்காதவர் மறைப்பது சாட்சியின் பெயரையா, தம் செயலையா என்று நாம் ஐயுறுவதில் தவறில்லை.

நமது நாட்டுக்கும் ஒரு சொல். இலங்கையில் சட்டமா அதிபரையும் பொலிஸ்மா அதிபரையும் நீக்குவதற்கு 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் முறை வகுத்துள்ளது. பாராளுமன்றத் தீர்மானமும் விசாரணைக் குழுவும் அம்முறையின் பகுதிகள். 2025 ஓகஸ்டில் பொலிஸ்மா அதிபர் ஒருவர் அவ்வாறே, எதிராக ஒரு வாக்கும் இன்றி 177 வாக்குகளால் நீக்கப்பட்டார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பிரசைகள் அனைவருக்கும் தகவல் கேட்கும் உரிமையைக் கொடுத்துள்ளது. இவை நல்ல கருவிகள். கருவி துருப்பிடித்தால் குற்றம் கொல்லனுடையதன்று.

எண்ணிக்கையில் பெரிய இனத்துக்கு ஆட்சி மாற்றம் என்னும் வழி உண்டு. இன்று எதிர்க்கட்சியில் இருப்பவர் நாளை மந்திரியாகி அக்கோவையைத் தாமே திறந்து பார்ப்பார். எண்ணிக்கையில் குறைந்த நமக்கு அவ்வழி எளிதில் இல்லை. நமது பிரதிநிதிகளின் கையில் உள்ள ஆயுதம் கேள்வியே. வாக்கெடுப்பில் தோற்கும் சிறுபான்மை, கேள்வி கேட்பதில் தோற்க வேண்டிய அவசியம் இல்லை. ஆகையால் நமக்கு வேண்டியவர் நீக்கப்படும்போது மாத்திரம் கேட்பது போதாது. நமக்கு வேண்டாதவர் நீக்கப்படும்போதும், "கோவையைக் காட்டுக" என்று கேட்க வேண்டும். அன்றுதான் நமது கேள்விக்கு மதிப்பு உண்டாகும்.

அடுத்த முறை உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் வாசலுக்கு வரும்போது, தமக்கு வேண்டாதவர் ஒருவர் நீக்கப்பட்டபோது எந்தப் பத்திரத்தைக் கேட்டார் என்று அவரிடமே கேளுங்கள்.