செடிக்கும் வெயில் சுடும்





தாணேயில் கோட்பந்தர் சாலைப் பக்கம் போனால், செடி விற்கும் நர்சரிகளைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட நர்சரிகளில் வேலை செய்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வீட்டு மாடியில் சின்னக் குடில் போட்டு, நாற்று வளர்ப்பவர்களும் இருக்கலாம். மார்ச் வந்ததும் எல்லோருக்கும் ஒரே கவலை. வெயிலில் செடி கருகினால் போட்ட பணம் போய்விடும். பட்ட பாடும் வீண்.

குடிலை எப்படிக் குளுமையாக வைப்பது? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இதற்கு ஏன் வெயில் ஆகவில்லை?

ஆர்க்கிட், ஆந்தூரியம், பெரணி எல்லாம் வெப்ப நாட்டுச் செடிகள்தானே? அவற்றுக்கு ஏன் வெயில் ஆகவில்லை?

இவற்றில் பல, காட்டில் பெரிய மரங்களின் நிழலில் வளர்பவை. அங்கே காற்று ஈரமாக இருக்கும். இலைகளின் இடுக்கில் வடிந்து வரும் வெளிச்சமே அவற்றுக்குப் போதும். நேர் வெயில் பட்டால் இலை வெளுக்கும். பிறகு கருகும்.

கண்ணாடிக் குடிலைக் குளிர் நாட்டுக்காரர்கள் பெரிதும் பயன்படுத்தினார்கள். வெயில் உள்ளே வரும். மண்ணையும் காற்றையும் சூடாக்கும். சூடான காற்று வெளியே போக வழி இருக்காது. குளிர் நாட்டில் அது நல்லது. நம் ஊரில் அதுவே ஆபத்து. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? மூடிய பிளாஸ்டிக் குடிலில் செடியின் நிலையும் அதுதான்.

முதலில் நிழல்

வெப்பம் உள்ளே வந்த பிறகு அதை விரட்டுவது கஷ்டம். வராமல் தடுப்பது சுலபம்.

கடையில் நிழல் வலை கிடைக்கும். 50 சதவீதம், 75 சதவீதம் என்று சொல்லி விற்பார்கள். 75 என்றால் வெளிச்சத்தில் முக்கால் பங்கைத் தடுக்கும். ஆந்தூரியத்துக்கு 75 ஏற்றது. வாங்கும்போது எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

வலையைக் கூரைக்கு மேலே, கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். உள்ளே கட்டினால் வலை சூடாகி, அந்தச் சூடு குடிலுக்குள்ளேயே தங்கிவிடும். வலை வாங்க வசதி இல்லையா? கூரைமேல் சுண்ணாம்புத் தண்ணீர் பூசலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஜூனில் மழை வந்தால் சுண்ணாம்பு கரைந்து போகும். மழைக் காலத்தில் வெளிச்சம் குறைவு. அப்போது செடிக்கு அதிக நிழல் வேண்டாம்.

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. ஊரில் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்திருப்பீர்கள். அகத்தியை வரிசையாக வளர்ப்பார்கள். கொடி அதில் ஏறும். அகத்திதான் கொடிக்குக் கொம்பு. அதுவே குடையும் கூட. தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலையும் நிழல் விரும்பும் கொடிதான்.

அடுத்தது காற்று

சூடான காற்று மேலே போகும். ஆகவே குடிலின் உச்சியில் திறப்பு வேண்டும். பக்கத்துப் பிளாஸ்டிக்கைச் சுருட்டி விடுங்கள். கீழே புதுக் காற்று வரும். மேலே சூடு போகும். செடிகளை நெருக்கி வைக்காதீர்கள். தொட்டிகளைச் சூடான சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். வேர் வெந்தால் செடி பிழைக்காது.

கடைசியாகத் தண்ணீர்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. குடிலின் தரையை நனைத்தாலும் இதுதான் நடக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாக்பூரில் கோடைக் காற்று வறண்டது. அங்கே கூலர் நன்றாக வேலை செய்யும். தாணே கடலுக்குப் பக்கம். கடல் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. அதில் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும். அப்போது எவ்வளவு தெளித்தாலும் குளுமை குறைவு. புழுக்கம்தான் கூடும். பூஞ்சை நோயும் வரும்.

மார்ச், ஏப்ரலில் சில நாள் கிழக்கிலிருந்து வறண்ட நிலக்காற்று வீசும். கடல் காற்று வரத் தாமதமாகும். அன்று வெயில் கொளுத்தும். 1952 ஏப்ரல் 14 அன்று மும்பை சாந்தாகுரூசில் 42.2 டிகிரி பதிவானது. இப்படிக் காற்று வறண்ட நாளில் தரையை நனைத்தால் நல்ல பலன் உண்டு.

காற்று எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? குடிலுக்குள் ஓர் ஈரத் துணியைத் தொங்க விடுங்கள். சீக்கிரம் காய்ந்தால் தரையை நனையுங்கள். காயாமல் இருந்தால் தெளிப்பதை நிறுத்துங்கள். பக்கங்களை இன்னும் திறந்து விடுங்கள். செடிக்குக் காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். இரவில் இலை ஈரமாக இருக்கக் கூடாது.

உங்கள் உடம்பும் முக்கியம்

மதியம் 12 மணி முதல் 3 மணி வரை மூடிய குடிலுக்குள் வேலை செய்யாதீர்கள். முதலாளியிடம் பேசி, அந்த வேலையைக் காலைக்கு மாற்றிக் கேளுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள்.

யாராவது தலைசுற்றி விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே நிழலுக்குத் தூக்கி வாருங்கள். உடம்பை ஈரத் துணியால் துடையுங்கள். விசிறுங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

ஒரு வெப்பமானி வாங்குங்கள். குடிலுக்குள், செடியின் உயரத்தில், வெயில் படாத இடத்தில் தொங்க விடுங்கள். தினமும் பிற்பகல் 2 மணிக்கு அதில் உள்ள எண்ணைப் படியுங்கள். தேதி போட்டு எழுதுங்கள். வலை கட்டினீர்களா? பக்கத்தைத் திறந்தீர்களா? அதையும் எழுதுங்கள். 35 டிகிரியைத் தாண்டினால் உடனே ஏதாவது செய்ய வேண்டும்.

ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். எது செய்தபோது சூடு குறைந்தது என்று உங்கள் நோட்டே சொல்லும். நாளைக்கு முதலாளியிடம், "இங்கே இன்னொரு வலை வேண்டும்" என்று கேட்கும்போது, அந்த நோட்டைத் திறந்து காட்டலாம். நீங்கள் கற்ற எழுத்து உங்களுக்காகப் பேசும்.