தாத்தா வீட்டுக் கதவும் அம்மாவோட டபராவும்

மயிலாப்பூர்ல தாத்தா வீட்டை இடிச்சப்போ கதவுலேர்ந்து ஒரு தேக்குத் துண்டு எடுத்து வெச்சிருந்தேன். அதுல நீல ரெசின் ஊத்தி, அம்மாவுக்குப் பரிமாறுற பலகை செஞ்சேன்.

தேக்குல இயல்பாவே எண்ணெய் உண்டு. ஊத்துறதுக்கு முன்னாடி அசிட்டோன்ல துடைச்சாதான் ரெசின் நல்லா பிடிக்கும். அதெல்லாம் ஒழுங்கா பண்ணேன். சொதப்பினது பொறுமையில. மறுநாளே கல்லு மாதிரி இருந்துச்சு. ஆனா உள்ள முழுசா இறுக பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். நான் மூணாம் நாளே கொடுத்துட்டேன்.

அம்மா கொதிக்கக் கொதிக்க காபி டபராவை அதுல வெச்சாங்க. வட்டமா தடம்!

ஒரு வாரம் காத்திருந்தாலும் தப்பிச்சிருக்காது. பல எபாக்சி ரெசின் 60 டிகிரிக்குள்ளயே இளக ஆரம்பிக்கும். டேட்டாஷீட்ல போட்டிருந்துச்சு, இன்ஜினியர் படிக்கல.

"சூடா எதுவும் வைக்கக் கூடாதுன்னா இது என்னடா பரிமாறுற பலகை?"ன்னாங்க. இப்போ அதுல முறுக்கு இருக்கு.