தள்ளுபடிக் கிளப்புகளும் நமது கைப்பொருளும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கிராம அபிவிருத்தி என்றால் விளைச்சலைப் பெருக்குவதும், சாலை அமைப்பதும், குடிநீர் வசதி செய்வதுமே என்று நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். இவை இன்றியமையாதவைதாம். ஆயினும், பாடுபட்டு ஈட்டிய பொருள் வீணே வீட்டை விட்டு வெளியேறாமல் காப்பதும் அபிவிருத்தியின் ஓர் அங்கமேயாகும். மடையை அடைக்காமல் இரவு பகலாக நீர் இறைப்பதில் பயன் என்ன?

அறுவடை முடிந்து கையில் நாலு காசு சேரும் காலத்தில் அதனை நாடிப் பலர் வருவார்கள். அவர்களுள், "எங்கள் கிளப்பில் சந்தா செலுத்திச் சேருங்கள், ஆயுள் முழுவதும் எல்லாப் பொருள்களையும் மலிவாக வாங்கலாம்" என்று சொல்பவர்களைப் பற்றியே இன்று நாம் சிந்திக்க வேண்டும். பரிசு தருவதாகத் தொலைபேசியில் கூறி, கணவன் மனைவி இருவரையும் ஓட்டலுக்கு வரவழைத்து, விடுமுறை விடுதிக் கிளப்புகளில் சேர்க்கும் முறை நம் நாட்டு நகரங்களில் ஏற்கெனவே பரவியுள்ளது. இம்முறையின் தன்மையை நன்கு அறிய, இது நெடுங்காலம் நடைபெற்றுள்ள அமெரிக்க நாட்டை நாம் நோக்குவது நலம்.

அமெரிக்க நாட்டின் அனுபவம்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1971-ஆம் ஆண்டில் தோன்றி, பின்னாளில் 'டைரக்ட்பை' என்று பெயர் பெற்ற நிறுவனம் இத்தகைய கிளப்புகளுள் பெரியது. நாற்காலி, கட்டில், சமையலறைச் சாமான்கள் முதலியவற்றைக் கடைக்காரரின் இலாபமின்றி, உற்பத்தியாளரின் விலைக்கே வாங்கித் தருவதாக அது கூறிற்று. அங்கத்தினராவதற்குரிய கட்டணமோ ஒரு காலத்தில் சுமார் 5,000 டாலர் வரை இருந்தது. 2016-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் திவால் மனுச் செய்து, பின்னர் வேறு உடைமையாளரிடம் சென்றது.

இத்தகைய கிளப்புகளில் ஆள் சேர்க்கும் முறை பெரும்பாலும் ஒரே வகையினது. முதலில் இலவசப் பரிசு என்று அழைப்பு வரும். கணவனும் மனைவியும் சேர்ந்தே வரவேண்டும் என்பது நிபந்தனை. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒருவர் தப்பித்துக்கொள்ள இடமிராது என்பதே இதன் உட்பொருள். பின்னர் உபசாரம், திரைப்படம், நீண்ட பேச்சு. கடைகள் எவ்வாறு அதிக விலை வாங்குகின்றன என்று மணிக்கணக்கில் விளக்குவர். ஆனால், தம் விலைப்பட்டியலை வீட்டுக்கு எடுத்துச் சென்று ஒப்பிட விடமாட்டார்கள். இறுதியில், "இன்று சேராவிட்டால் இச்சந்தர்ப்பம் இனி இல்லை" என்பர். தயங்கினால் மேலதிகாரி ஒருவர் வந்து கட்டணத்தைக் குறைப்பார். பணமில்லை என்றால் தவணைக்கு வட்டியுடன் ஏற்பாடு செய்வார்.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. விலை உண்மையிலேயே மலிவானால், நாளை அது மலிவாக இராதா? நல்ல மாட்டை விற்பவன் பல்லைப் பார்க்கவும், நடக்கவிட்டுப் பார்க்கவும் அஞ்சமாட்டான். அவசரப்படுத்துகிறவன் எதையோ மறைக்கிறான் என்று சந்தையில் அறிந்த நாம், மின்விளக்கு ஒளிரும் மண்டபத்தில் அதனை மறந்துவிடலாகாது.

கணக்குப் பார்ப்போம்

ஓர் உதாரணம் கொள்வோம். கிளப் சந்தா 60,000 ரூபாய் என்றும், பொருள்களின் விலையில் நூற்றுக்குப் பத்து தள்ளுபடி என்றும் வைத்துக்கொள்வோம். சந்தாவாகக் கொடுத்த பணத்தை மீட்கவே 6,00,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கியாக வேண்டும். வண்டிக் கூலியும், கையாளும் கட்டணமும் நூற்றுக்கு நான்கு என்றால், மிச்சம் நூற்றுக்கு ஆறுதான். அப்பொழுது 10,00,000 ரூபாய்க்கு வாங்கினாலன்றி அசல் திரும்பாது. அதன் பிறகே இலாபம் என்ற பேச்சுக்கு இடமுண்டு. சந்தாவைக் கடன் வாங்கிச் செலுத்தியிருந்தால் வட்டி வேறு. நம்மில் எத்தனை குடும்பங்கள் பத்து லட்ச ரூபாய்க்குக் கட்டிலும் பீரோவும் வாங்கப் போகின்றன? சேமிப்பதற்காகச் சேர்ந்தவர், சேர்ந்த பணத்தை மீட்பதற்காகவே வேண்டாத பொருளை வாங்கும் நிலைக்கு ஆளாகிறார்.

எல்லாச் சந்தாக் கடைகளும் ஏமாற்று என்று நாம் கூறவில்லை. அதே அமெரிக்காவில் 'காஸ்ட்கோ' என்னும் பெருங்கடையில் ஆண்டுச் சந்தா 2024 முதல் 65 டாலர். திருப்தியில்லையேல் சந்தாவைத் திருப்பித் தருகிறார்கள். சந்தா சிறிது, வெளியேறும் வழியும் திறந்திருக்கிறது. வேறுபாடு இதுவே.

கூட்டுறவின் வழி

மலிவாக வாங்க ஒன்றுசேர வேண்டும் என்ற கருத்து நல்லதே. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர், ஆளுக்கு ஒரு பவுன் பங்கு போட்டு, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் ஒரு சிறு கடையைத் திறந்தனர். சந்தை விலைக்கே விற்று, கிடைத்த உபரியை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட்டுக்கொண்டனர். நம் நாட்டிலும் 1904-ஆம் ஆண்டிலேயே சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கிற்று. கூட்டுறவில் நாம் செலுத்துவது பங்குத் தொகை. அது நம் பெயரிலேயே நிற்கும். கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. ஒருவருக்கு ஒரு வாக்கு உண்டு. கிளப்பிலோ நாம் செலுத்துவது கட்டணம். அது சென்றது சென்றதே. பெயர் அங்கத்தினர் என்றாலும், அங்கே நாம் வெறும் வாடிக்கையாளரே.

சட்டம் தரும் துணை

விற்பவரின் நிலையான கடைக்கு வெளியே நடைபெறும் பல விற்பனைகளை, மூன்று வேலை நாள்களுக்குள் வாங்கியவர் ரத்துச் செய்யலாம் என்ற விதி அமெரிக்காவில் 1974 முதல் உள்ளது. கிளப்பின் சொந்த மண்டபத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு அவ்விதி உதவாது. ஆதலால் கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் இத்தகைய கிளப்புகளுக்கெனத் தனிச்சட்டம் செய்துள்ளன. நம் நாட்டில், வாங்குவோர் அனைவருக்கும் பொதுவாக அத்தகைய மறுசிந்தனைக் காலம் சட்டத்தில் இல்லை. ஆகவே சிந்தனை கையெழுத்துக்கு முன்னரே நடைபெற வேண்டும்.

ஆயினும் ஏமாந்தவர் கதியற்றவர் அல்லர். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதுமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடுதல் வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இவற்றுக்கெல்லாம் ரசீதும் ஒப்பந்த நகலும் இன்றியமையாதவை.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவதாக, எந்தச் சந்தாவுக்கும் அன்றே கையெழுத்திடுவதில்லை என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொள்ளட்டும். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்தவர் ஒருவரைக் கொண்டு முழுவதும் படித்துக் கேட்கட்டும். தர மறுத்தால் அதுவே போதிய விடை.

இரண்டாவதாக, விலையை உள்ளூர்க் கடையுடனும் பண்டகசாலையுடனும் ஒப்பிடுவோம். வாயால் சொன்ன வாக்குறுதி எதுவும் தாளில் இல்லையேல், அது இல்லாததேயாகும்.

மூன்றாவதாக, ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். வெளியூரிலிருந்து வரும் விற்பனையாளர் முதலில் தேடுவது உங்கள் பெயரையே. "உங்கள் உறுப்பினரே சேர்ந்துவிட்டார்" என்ற ஒரு சொல் ஊரையே இழுத்துவிடும். ஆகவே, நிபந்தனைகளைப் பாராமல் உங்கள் பெயரையோ ஊராட்சியின் கட்டடத்தையோ இத்தகைய கூட்டங்களுக்குக் கொடாதீர்கள். கிராமசபை கூடும் நாள்களில் இதனைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசுங்கள்.

நான்காவதாக, ஏமாந்தவரை எள்ளாதிருப்போம். வெட்கத்தால் அவர் வாய்மூடி இருந்தால் முறையிடும் காலம் கடந்துவிடும். அடுத்த வீட்டுக்காரரும் அதே வலையில் விழுவார். அவருடன் துணைக்குச் சென்று மனு எழுதித் தருவதே உண்மையான ஊர்த்தொண்டு.

ஒரு நாள் பொறுத்தால் கெட்டுப்போகும் வியாபாரம் நமக்கு வேண்டியதன்று. இதனை ஒவ்வொரு வீட்டிற்கும் எடுத்துச் சொல்லுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.