கால் வைக்கக் கூடாத தீவு

(ரங்கனதிட்டு ஒருநாள் சுற்றுலாவை முன்னிட்டு நடந்த கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "தீவில் இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடலாமா?" இறங்க அனுமதி இல்லை என்றேன். "படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரவா இவ்வளவு தூரம்?" என்று ஒரு மாமி அலுத்துக்கொண்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்.

காவேரி நடுவே உள்ள தீவுகள் நமக்குப் புதிதல்ல. ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்யரங்கம், நம் ஸ்ரீரங்கம் அந்த்யரங்கம். மூன்றுமே தீவுகள்தான். ஆதிரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்னஞ்சிறு திட்டுகள்தான் ரங்கனதிட்டு. 1645 முதல் 1648 வரை மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில் காவேரியின் குறுக்கே ஓர் அணைக்கட்டு எழும்பியது. அதனால் உண்டானவை இந்தத் திட்டுகள். மனிதன் பாசனத்துக்காகக் கட்டினான், பறவைகள் குடியேறிவிட்டன.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி இதைப் பார்த்துவிட்டு, காப்பாற்ற வேண்டிய இடம் என்று எடுத்துச் சொன்னார். 1940ல் மைசூர் சமஸ்தானம் இதைச் சரணாலயமாக அறிவித்தது. 2022ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. இத்தனைக்கும் பரப்பளவு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை! அதற்குள் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஆற்று ஆலாவுக்கு மரம்கூட வேண்டாம். வெறும் மணலிலும் பாறையிலும் முட்டையிடும்.

நாம் இறங்கினால் என்ன ஆகும்? தாய்ப்பறவை பயந்து எழும்பிவிடும். மூடாத முட்டை வெயிலில் வெந்துபோகும். இல்லையென்றால் காக்கையோ பருந்தோ கொத்திக்கொண்டு போகும். நமக்கு ஐந்து நிமிஷ வேடிக்கை. அதற்கு அந்த வருஷத்துச் சந்ததியே போயிற்று.

பறவைகளுக்கு வேறு கஷ்டமும் உண்டு. மேலே கிருஷ்ணராஜ சாகர் நிரம்பி, நிறையத் தண்ணீர் திறந்துவிட்டால் திட்டுகளுக்குள் வெள்ளம் புகுந்துவிடும். 2019 ஆகஸ்டில் அப்படித்தான் ஆயிற்று, படகுகளையே நிறுத்திவிட்டார்கள். வெள்ளத்தை நம்மால் தடுக்க முடியாது. நம் காலை நாம் தடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

பாட்டி மடியாக உலர்த்தியிருக்கும் புடவைப் பக்கம் நம்மாத்துக் குழந்தைகள் போகாது. யாரும் காவல் நிற்பதில்லை. தொடக் கூடாது என்று தெரியும், அவ்வளவுதான். அந்தத் திட்டுகளையும் அப்படி நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மாமி சிரித்துவிட்டார். வருகிறேன் என்று பெயரும் கொடுத்துவிட்டார்.

ஆகவே சில வேண்டுகோள்கள். சாப்பாடு கரையில்தான். புளியோதரையும் தயிர்சாதமும் எவர்சில்வர் டப்பாவில் வரட்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம். படகில் பாட்டு, கைதட்டல், செல்போன் சத்தம் கூடாது. தண்ணீரில் கையை விடாதீர்கள். பாறைமேல் அசையாமல் கிடப்பது கட்டை அல்ல, முதலை! பைனாகுலர் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுங்கள். தள்ளி இருந்தபடியே கூட்டுக்குள் குஞ்சு வாய் திறப்பதைப் பார்க்கலாம்.