வீட்டுக்கு ஒரு லெட்டர் பாக்ஸ்

இன்னைக்கு விஷயம் சின்னது: வீட்டு லெட்டர் பாக்ஸ். "இப்ப யாருங்க லெட்டர் போடுறா?"ன்னு கேட்பீங்க. பான் கார்டு, ஏடிஎம் கார்டு, பாஸ்போர்ட், வக்கீல் நோட்டீஸ் எல்லாம் இன்னும் தபால்லதான் வருது.

இதுல பலதும் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியவை. எல்லாரும் வேலைக்குப் போனா வீடு பூட்டியிருக்கும். தபால்காரர் ஒரு சீட்டைப் போட்டுட்டுப் போவார். அது காத்துல பறந்துட்டா நமக்கு விஷயமே தெரியாது. கவர் சில நாள் தபால் ஆபீஸ்ல இருந்துட்டுத் திரும்பிடும். வக்கீல் நோட்டீஸ்னா இன்னும் சிக்கல். சரியான முகவரிக்குப் பதிவு செஞ்சு தபால்ல அனுப்பியிருந்தா, அது கிடைச்சதாத்தான் சட்டம் பொதுவா எடுத்துக்கும்.

அதனால அந்தச் சின்னச் சீட்டை மனசுல வெச்சு பெட்டி வாங்குங்க. மதுரை வெயிலுக்கு பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்கும். பவுடர் கோட்டிங் போட்ட தகரம், இல்லைன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. ஐப்பசி மழைக்கு வாய்க்கு மேல சரிவான மூடி வேணும், அடியில ரெண்டு சின்ன ஓட்டை வேணும். வாய் 25 செ.மீ. அகலம் இருந்தா ஏ4 கவர் மடங்காம போகும். பூட்டு கட்டாயம்.

கேட்டைத் திறக்காமலே தபால்காரருக்கு எட்டுற இடத்துல மாட்டுங்க. பேரு, பழைய எண், புது எண், பின்கோடு நாலையும் எழுதுங்க. வாடகை வீடுன்னா உங்க பேரு. கடைன்னா பில்லுல இருக்கிற அதே பேரு.

மாட்டினா போதாது, தினமும் ஒரு தடவை திறந்து பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!