களரியும் கைப்பையும்



மண்டபத்துக்கு வாசல் உண்டு. எமது கூத்துக்களரியோ நாற்புறமும் திறந்தது. வடமோடியாயினும் தென்மோடியாயினும் சுற்றியிருந்தே பார்க்கிறோம். அங்கே காவல் எமது கண்களே.

2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்துக்குப் பையோடு வந்தவனை, வழிபட வந்த ஒருவர் உள்ளே விடாது மறித்தார். குண்டு வெளியே வெடித்தது. அவரும் குழந்தைகள் பலரும் மாண்டனர். உள்ளிருந்த பலர் பிழைத்தனர். அவ்வாண்டு நல்லூர்த் திருவிழாவிலும் பைகள் சோதிக்கப்பட்டன.

சோதனை அவமானமா? எல்லாரிடமும் ஒருபடியாகக் கேட்டால் அவமானமில்லை. ஆளையும் மதத்தையும் பார்த்துக் கேட்பதே அவமானம். ஆகவே, களரிக்குப் பெரிய பை கொண்டுவராதிருப்போம். கொண்டுவந்தால் நாமே திறந்து காட்டுவோம். பெண்களின் பையைப் பெண்களே பார்க்கட்டும். ஆளில்லாப் பையைக் கண்டால் தொடாது அறிவிப்போம். முதலில் மன்ற நிருவாகிகளாகிய எமது பைகளே திறக்கப்படட்டும்.