மீண்டும் ட்றம்பெற் எடுப்போருக்கு



பள்ளிப் பருவத்திலே கொட்டாஞ்சேனையில் ட்றம்பெற் ஊதியவன் நான். உத்தியோகமும் குடும்பப் பொறுப்பும் வந்தபின் அவ்வாத்தியம் வெள்ளவத்தை வீட்டின் அலுமாரிமேல் இருபது ஆண்டுகள் உறங்கிற்று. பாண்ட் குழுவில் என்னருகே நின்று ஊதிய நண்பர் காலமானபோது, கல்லறையருகே ‘லாஸ்ற் போஸ்ற்’ ஊதவேண்டுமென அவர் மனைவியார் கேட்டார். அன்றிரவு பெட்டியைத் திறந்து ஊதிப் பார்த்தேன். காற்று வந்ததேயன்றி நாதம் வரவில்லை. மறுநாள் வெறுங்கையோடு நின்றேன். ஆண்டு நினைவுநாளிலாவது ஊதுவதென்று உறுதி பூண்டேன்.

பழுது மவுத்பீஸில் இருக்கிறதென்றே முதலில் எண்ணினேன். உச்ச சுரங்கள் இலகுவாக வருமென்று ஆழம் குறைந்த ஒன்றை வாங்கினேன். ஒலி கீச்சிட்டது, உதடு வீங்கிற்று. பழைய வாத்தியகாரர் ஒருவர் கேட்டுவிட்டு, “தம்பி, நாதசுரத்தில் அதிர்வது சீவாளி. இதில் அதிர்வது உமது உதடு. உதட்டுத் தசை தளர்ந்திருக்கையில் உலோகத்தை மாற்றி என்ன பயன்?” என்றார்.

மவுத்பீஸில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, உதட்டில் பதியும் விளிம்பு; அது மிகக் கூராயிருந்தால் உதட்டை வெட்டும். இரண்டு, கிண்ணத்தின் அகலம். அகலம் கூடினால் நாதம் பெருகும், ஆனால் தசைக்கு வலு வேண்டும். மூன்று, கிண்ணத்தின் ஆழம். ஆழம் கூடினால் நாதம் கனிந்து ஒலிக்கும், குறைந்தால் கூர்மையாகும். ஆகவே நெடுநாள் விட்டுத் திரும்புவோர்க்கு எல்லாவற்றிலும் நடுத்தரமே ஏற்றது.

வியன்னாவுக்கு அருகே பிறந்த ட்றம்பெற் கலைஞர் வின்சென்ற் பாக், பழுதுபார்க்கக் கொடுத்த தமது மவுத்பீஸ் கெட்டுப்போனதால், 1918இல் நியூயோர்க்கில் தாமே மவுத்பீஸ் செய்யத் தொடங்கினார். அவர் வகுத்த முறையில் இலக்கம் குறையக் குறையக் கிண்ணம் அகலும். ‘ஏ’ எழுத்து மிக ஆழமானதைக் குறிக்கும். மாணவர் வாத்தியங்களோடு பெரும்பாலும் வரும் ‘7 சி’ சுமார் 16.2 மில்லிமீற்றர் அகலமுடையது. பிற நிறுவனத்தாரின் இலக்கங்கள் எல்லாம் இம்முறையைப் பின்பற்றுவதில்லை என்பதை மறவாதீர்கள். கோர்னெற் வாத்தியத்தின் மவுத்பீஸ் தண்டு சிறியது. அது ட்றம்பெற்றிற் பொருந்தாது.

பழைய மவுத்பீஸை எறியவேண்டாம். இளஞ்சூட்டு நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவுங்கள். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் பித்தளை விரைவிற் பாசியேறும். வெள்ளிப்பூச்சு தேய்ந்து பித்தளை உதட்டிற் பட்டால் புதியது வாங்குவதே நன்று. பல் விழுந்தோ பல் கட்டியோ இருந்தால் வேறு விளிம்பு தேவைப்படலாம். வாத்தியத்தில் இறுகிப்போன மவுத்பீஸைக் குறட்டாற் திருகாதீர்கள், குழாய் முறுகிவிடும். அதைக் கழற்றுதற்கெனவே கருவி உண்டு.

முதல் மாதம் ஒரே மவுத்பீஸில் நாளுக்குப் பத்து நிமிடம் நீண்ட சுரங்களை மெல்ல ஊதுங்கள். ஊதிய அளவு ஓய்வும் கொடுங்கள். வாத்தியத்தை உதட்டோடு அழுத்தாதீர்கள். அதன்பின் வேறொன்றைச் சோதிப்பதாயின், களைப்பில்லாத வேளையில், ஒரே இராகத்தை இரண்டிலும் ஊதி, அருகிலிருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

நான் பழைய ‘7 சி’க்கே திரும்பினேன். ‘லாஸ்ற் போஸ்ற்’றுக்கு வேண்டியது அதியுச்ச சுரமன்று, தளராத மூச்சே. நினைவுநாளன்று ஒரு சுரம் சற்று நடுங்கிற்று. ஆயினும் இறுதிவரை ஊதினேன். அம்மையார் ஒன்றும் பேசவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார்.